ஓட்டுக்குள் முருகேஸ்வரி

ஊருக்குத்தானடி உபதேசம், உனக்கில்லை என்பார்களே, அதற்கு ஆள் பார்க்க வேண்டுமென்றால் அட்டுவம்பட்டியில் குமரகுருவின் யோகா சென்டரைக் கேட்டால் போதும், ஆட்டோக்காரரே வாசலில் இறக்கிவிடுவார். சனி, ஞாயிறு என்றால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கார் காராக வந்து நிற்கும். அவன் வெள்ளை வேட்டியில் பலகைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குருச்சேத்திரம் என்பது வெளியே இல்லை, அவரவர் நெஞ்சுக்குள்தான் இருக்கிறது என்று ஆரம்பித்தால் ஒரு செல்போன் முனகாது. எதிரே நிற்கிற நூறு பேரும் நூறு ஆசைகள். தேரில் பூட்டிய குதிரைகள் ஐந்து புலன்கள். கடிவாளம் மனசு. கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போவார்கள்.

அந்த ஹாலுக்குப் பின்சுவர்தான் அடுப்படி. அங்கே நின்று அத்தனை பேருக்கும் பொங்கலும் சுக்குமல்லிக் காபியும் போட்டுக்கொண்டே, பன்னிரண்டு வருசமாக ஒரு வார்த்தை விடாமல் கேட்டவள் அவன் பெண்டாட்டி முருகேஸ்வரி. கிளாவரை மலைக்கிராமத்தில் பூண்டு பயிர் போடுகிற வீட்டுப் பெண். பன்னிரண்டு வருசமாக அவனிடம் அடி வாங்குகிறவளும் அவள்தான்.

ஜெபத்தில் உட்காரும்போது கைக்கு முட்டுக் கொடுக்க ஒரு கட்டை வைத்திருப்பார்கள், யோகதண்டம் என்று. அந்தக் கட்டையால்தான் அடிப்பான். காபியில் இனிப்புக் கூடினால் அடி. வகுப்புக்கு ஆள் குறைந்தால் அடி. சேலை மறைக்கிற இடமாகப் பார்த்து அடிக்கிற அளவுக்கு நிதானம் உண்டு. கோபத்தில் அறிவு கெட்டுப்போச்சு என்றுகூடச் சொல்ல வழியில்லை, படுபாவி! ஒருதடவை அவள் அண்ணன் வேலுச்சாமி, நாலு கேள்வி கேட்காமல் விடமாட்டேன் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளாவரையிலிருந்து பஸ் ஏறி வந்தான். குமரகுரு அவனை முன்வரிசையில் உட்கார வைத்தான். ஒரு மணி நேரம் கேட்ட அண்ணன்காரன் மடித்த வேட்டியை இறக்கிவிட்டு மாப்பிள்ளை காலில் விழுந்தான்.

"மாப்ள பெரிய ஞானி தாயி. நீதான் அனுசரிச்சுப் போகணும்," என்று தங்கச்சிக்குப் புத்தி சொல்லிவிட்டு, கொண்டுவந்த பூண்டு மூட்டையை ஸ்டோர் ரூமில் இறக்கிவைத்துவிட்டுப் போனான். இப்படி ஒரு கூடப்பிறப்பு இருந்தால் விளங்கும்!

அன்றைக்குத்தான் முருகேஸ்வரி வேறு வழி தேடினாள். புருசன் ஹாலில் சொல்கிற வழியேதான். ஆமை காலையும் தலையையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்கிற மாதிரி ஐந்து புலனையும் உள்ளே இழு என்பான். காசு கட்டி வருகிறவர்களுக்கு வராத வித்தை அவளுக்கு வந்தது. வராமல் என்ன செய்யும், உயிர் போகிற அவசரம்! அடி விழத் தொடங்கியதும் ஸ்டோர் ரூமில் மூட்டைகளுக்கு நடுவே குறுகி உட்காருவாள். மூச்சை நீள இழுத்து நிறுத்துவாள். முதலில் காது போகும். பிறகு தோல் போகும். புருவ மத்தியில் மினுக்கென்று ஒரு வெளிச்சம் வரும். அதற்குள் போய்விட்டால் அடிக்கிறவன் யாரோ, வாங்குகிறவள் யாரோ. அவன் ஓய்ந்து, குளித்து, சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் வெளியே வருவாள். இத்தனை பேரில் தனக்கு மட்டும் வாய்த்ததே என்று கொஞ்சம் பெருமையும் அவளுக்கு இருந்தது.

மகள் ஜெயப்பிரியாவை மட்டும் அவன் தொட்டதில்லை. அந்த வீட்டில் முருகேஸ்வரி கிடந்ததே அதற்காகத்தான். தான் வாங்கிக்கொண்டால் பிள்ளைக்கு விழாது என்று நம்பினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்புகிற நேரம். பெங்களூர் அம்மா ஒருத்தி ஜெயப்பிரியாவின் கன்னத்தைக் கிள்ளி, "அப்பாவுக்குக் கோபமே வராதில்ல?" என்று கேட்டாள். பதினோரு வயசுப் பிள்ளை, மனசில் கிடந்ததைச் சொல்லிவிட்டது.

"எங்கம்மா முதுகப் பாத்துட்டு வந்து கேளுங்க ஆன்ட்டி."

அது காதில் விழுந்தும், கடைசிக் கார் கேட்டைத் தாண்டும்வரை குமரகுரு கைகூப்பிச் சிரித்துக்கொண்டே நின்றான். அப்புறம் கதவைத் தாழ் போட்டான். கட்டையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தான்.

"புள்ளைக்கு நல்லாத்தான் சொல்லிக் குடுத்து வச்சிருக்க."

முதல் அடி முருகேஸ்வரியின் தோளில் விழுந்தது. பழக்கம் எங்கே விடுகிறது, அடுத்த அடி விழுவதற்குள் ஸ்டோர் ரூமில் குறுகிவிட்டாள். காது போயிற்று. தோல் போயிற்று. வெளிச்சம் வந்தது. அவன் தன்னை விட்டுவிட்டுப் பிள்ளை பக்கம் திரும்பியது அவளுக்குத் தெரியவே இல்லை.

எவ்வளவு நேரமோ. காலை என்னமோ பிடித்து இழுத்தது. பிசுபிசுவென்று ஈரம். கண்ணைத் திறந்தாள்.

ஜெயப்பிரியா தரையோடு தரையாகத் தவழ்ந்து வந்து அம்மாவின் கணுக்காலைப் பிடித்திருந்தாள். உதடு கிழிந்து கழுத்துவரை ரத்தம். இடது கை முழங்கைக்குக் கீழே மடங்கக் கூடாத பக்கம் மடங்கிக் கிடந்தது. பின்னால் குமரகுரு மூச்சு வாங்கியபடி கட்டையை மறுபடியும் ஓங்கிக்கொண்டு நின்றான்.

பெற்ற வயிறு பற்றி எரிந்தது. மூச்சாவது, அடக்கமாவது! மிக்சி வந்த பிறகு மூலையில் போட்ட அம்மிக்குழவிதான் கைக்கு எட்டியது. தூக்கி அவன் முழங்காலில் வீசினாள். சில்லு உடைந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அவன் அலறிக்கொண்டு சரிந்தான். உருண்ட கட்டையை எடுத்தாள். பிள்ளையை அடித்த கை எதுவோ அந்தக் கையின் மணிக்கட்டில் போட்டாள். மறுபடி போட்டாள். கட்டை இரண்டாக முறிகிறவரை போட்டாள்.

"வேணாம் முருகேசு... சாமி சத்தியமா இனிமே..."

"எஞ்சாமியத்தானடா அடிச்சுப் போட்டிருக்க!"

குழவியை மறுபடி தூக்கினாள். இந்தத் தடவை தலைக்கு. போடத்தான் போனாள், அதில் சந்தேகமே வேண்டாம். அதற்குள் பின்கதவுத் தாழ்ப்பாள் தெறித்து விழுந்தது. பக்கத்து வீட்டு ஃபக்ருன்னிசா, பஜாரில் சாக்லேட் கடை வைத்திருக்கிறவள், பிள்ளை அலறிய நேரத்திலிருந்து அந்தக் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றவள், உள்ளே பாய்ந்தாள்.

"ஏ தங்கச்சி! அவன் நாசமாப் போறான், விடு! புள்ள கெடக்குற கெடயப் பாரு! வெரசாத் தூக்கு, வேன் நிக்குது!"

குழவி அவன் காதோரமாகத் தரையில் விழுந்து சிமெண்டு பெயர்ந்தது. ஞானி கண்ணை இறுக மூடிக்கொண்டு வேட்டியை நனைத்தான்.

ஆஸ்பத்திரி ரோட்டில் ஃபக்ருன்னிசா வேனை விரட்டினாள். பின்சீட்டில் முருகேஸ்வரி மகளை மடியில் சாய்த்துக்கொள்ளப் பார்த்தாள். பிள்ளை வரவில்லை. உடைந்த கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவோரம் ஒண்டியது.

"இனிமே அவன் நெழல்கூட ஒம்மேல படாது தங்கம். அம்மா இருக்கேன்ல."

"உனக்குக் கேக்கலையாம்மா?"

"என்னது தங்கம்?"

"எத்தன தடவ கூப்புட்டேன்."

"கேக்கலடி. சத்தியமாக் கேக்கல. அம்மா உள்ள போயிட்டேன்..."

ஜெயப்பிரியா அப்போதுதான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். அப்பனைக்கூட அந்தப் பிள்ளை அப்படிப் பயந்து பார்த்ததில்லை.

"நான் கத்தக் கத்த நீ சிரிச்சுக்கிட்டே உக்காந்திருந்தியேம்மா."