மோட்டார் மேல் போட்ட பழி

அசாருக்குக் கை சும்மா இருக்காது. கீழ்க்கட்டளையில் அந்த மாடி வீட்டில், ஓடாத கடிகாரத்தைவிட நன்றாக ஓடுகிற கடிகாரத்துக்குத்தான் அவனைக் கண்டால் பயம்.

அவன் மனைவி ஃபஹீமா, வீடுகளின் உள்ளலங்காரப் படங்களைக் கம்ப்யூட்டரில் செய்து கொடுப்பவள். படம் உருவாகும்போது உள்ளேயிருக்கும் கிராபிக்ஸ் கார்டு கொதிக்கும், ஃபேன் மாவு மில் மாதிரி இரையும். கார்டுக்குப் போகிற வோல்டேஜைக் குறைத்தால் வேலை குறையாது, சூடு அடங்கும் என்று எங்கோ படித்தான் அசார். அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, ஒரு வார்த்தை கேட்காமல் குறைத்தும் விட்டான். நாள் முழுக்க முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்தான். கல்லு மாதிரி தாங்கியது. வந்தவளிடம் சொல்லவில்லை, தானாகக் கண்டுபிடித்து மெச்சட்டும் என்று நினைப்பு.

மெச்சினாளா? மறுநாளே திரை கருத்து, கம்ப்யூட்டர் செத்தது. முடிந்த படம் சேமிப்பதற்குள் போயே போச்சு. அந்த நேரம் பார்த்துக் கீழே தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. போட்டவர் அசாரின் அப்பா ஜலால்; அவன் வாயில் அத்தா. பல்லாவரத்தில் துணிக்கடை வைத்திருந்து ஓய்ந்தவர்.

"மோட்டார்தான். போட்டாலே லைட்டு டிம்மாகுதுல்ல? யூபிஎஸ்ஸும் பழசு," என்று தீர்ப்புச் சொன்னான் அசார்.

ஜலாலின் முகம் சுருங்கியது. "எனக்குத் தெரியாதேம்மா. இனிமே நீ வேலை செய்யறப்போ போட மாட்டேன்."

அவள் வேலை எப்போது ஓய்ந்தது? மனிதர் கீழ்த்தொட்டியில் வாளியால் மொண்டு மாடிக்குத் தூக்க ஆரம்பித்தார். முட்டி வலிக்காரர். "விடுங்க மாமா, நான் எடுத்துக்கறேன்" என்று ஃபஹீமா கெஞ்சினாலும் கேட்பதில்லை. அப்படியும் கம்ப்யூட்டர் செத்தது.

"மாமா, மோட்டார் போட்டீங்களா?"

"இல்லையேம்மா." கொஞ்ச நேரம் கழித்து, "போட்டேனோ என்னவோ," என்றார்.

அடுத்த சனிக்கிழமை மதியம் ஜலால் தொழுகைக்குப் போயிருந்தார். ஃபஹீமா சமையலறையில். மோட்டார் சத்தமே இல்லை. திரைக்கு முன்னால் அசார் உட்கார்ந்திருந்தான். படம் முடிந்தது, ஃபேன் அடங்கியது, கார்டு ஓய்வுக்கு இறங்கியது. திரை கருத்தது. பழி போட இப்போது மோட்டார் இல்லை.

மறுபடி தேடிப் படித்தான். சும்மா இருக்கும்போது கார்டு ஒரு குறைந்தபட்ச வோல்டேஜுக்கு வந்து நிற்கும், அதற்குக் கீழே இறங்காது. குறைந்த வோல்டேஜுக்கு அதிக வேகம் என்று இவன் வைத்த வைப்பில், அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டே அது முன்னைவிட வேகமாக ஓட வேண்டியிருந்தது. அரைப்பட்டினி ஆளை மூட்டை தூக்கச் சொன்ன கதைதான். வேலையில் தாங்கியது ஓய்வில் விழுந்தது. இவனோ ஓட்டி ஓட்டித்தான் பார்த்தானே தவிர, சும்மா விட்டுப் பார்க்கவில்லை. சும்மா விடுகிற ஆளா அவன்!

எல்லாவற்றையும் பழையபடி மாற்றினான். மூச்சுவிடவில்லை. மறுநாளும் வாளி படியேறியது. ஒவ்வொரு படியிலும் அத்தா "யா அல்லாஹ்" என்று நிற்பது கேட்டது. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று ஒரு வாரம் ஓட்டினான் பாவி. கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

விடுமுறை நாள், சாப்பாட்டு நேரம். ஜலால் வாளியை இறக்கிவிட்டு, ஈரக் கைலியோடு வந்து நின்றார்.

"ஃபஹீமா, ஒரு வாரமா மோட்டார் பக்கமே நான் போகல. கம்ப்யூட்டர் நல்லா ஓடுது பாரு. அப்ப அன்னிக்கெல்லாம் நான்தான் போட்டுட்டு மறந்திருக்கேன். போடலைன்னு உன்கிட்ட சாதிச்சேன் வேற. உன் உழைப்பெல்லாம் என்னால போச்சு. மன்னிச்சிடும்மா."

செய்யாத தப்புக்கு மனிதர் மன்னிப்புக் கேட்கிறார், செய்தவன் மீன் முள்ளை நோண்டிக்கொண்டிருக்கிறான். வெட்கத்தில் காது எரிந்தது.

"அத்தா, மோட்டார் இல்ல. நீங்களும் இல்ல. நான்தான் கார்டோட வோல்டேஜைக் குறைச்சு வச்சேன். போன வாரமே தெரிஞ்சுது. கமுக்கமா மாத்திட்டேன்."

ஃபஹீமாவின் கை தட்டிலேயே நின்றது. "தெரிஞ்சும் ஒரு வாரம் இவரைத் தண்ணி தூக்க விட்டீங்களா?"

அசார் தலை நிமிரவில்லை. அத்தா திட்டட்டும், கை நீட்டி ஒரு அறைகூட விடட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தான். திட்டே வரவில்லை. ஜலால் நாற்காலியைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தார். அவர் முகத்தில் கோபமில்லை. பல நாளாகப் பயந்துகொண்டிருந்தவரின் முகம் அது.

"அப்போ எனக்கு மறதி வரலையாடா?" என்று கேட்டார்.