கபர் மண்

ஏரித்திட்டிலிருந்து வெட்டி, பீப்பாய்களில் அடைத்து, மண்டகப்பட்டுக்கு அப்பாலுள்ள பொட்டலுக்குக் கொண்டுபோன மண்ணில் ஒரு பீப்பாய் அளவு மட்டும் மறுநாளே திட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது. பொட்டலில் அந்தப் பீப்பாயின் முத்திரை கலையவில்லை. உள்ளே ஒன்றும் இல்லை. வழியில் தூறல் என்பதால் மண் சற்று ஈரமாக வந்திருந்தது.

சிங்கவரத்தை அடுத்த ஏரியின் நடுவே, ஒரு மண்பாதையால் கரையோடு சேர்ந்திருந்த அந்தத் திட்டில் இருபது குடும்பங்கள் வேர்க்கடலை போட்டுப் பிழைத்தன. எங்கிருந்தோ வந்த பழைய இரும்போடு ஒரு கதிர்வீச்சுக் குப்பியும் வந்து உடைந்ததில் மண் கெட்டது. மெஹர் பானுவின் மகள் ரிஹானா அந்த மண்ணில் சொப்பு வைத்து விளையாடியவள். முதலில் முடி உதிர்ந்தது, பிறகு அவளே போனாள். அவளைத் திட்டிலேயே கபர் தோண்டி அடக்கம் செய்த வாரம் எல்லாரையும் செஞ்சிக்கு வெளியேற்றினார்கள். ஏழு வருடங்கள் தகரக் கொட்டகைகளில் கழிந்தன. அதன்பிறகுதான் கெட்ட மண்ணை வெட்டி அகற்றத் தொடங்கினார்கள்.

திரும்பி வந்தது ரிஹானாவின் கபர் மண். எத்தனை முறை எடுத்தாலும் வந்தது. அந்த இடம் சுத்தமாகாமல் ஒருவரையும் குடியேற விட முடியாது என்று அதிகாரி நெடுமாறன் சொல்லிவிட்டார்.

பக்கத்துக் கொட்டகைக் காத்தாயி தயங்கித் தயங்கி வந்தாள். “உன்னக் கேக்க எனக்கு வாய் வரல பானு. ஆனா எம் பொண்ணு மாசமா இருக்கறா. இந்தத் தகரத்துலயா பெத்துப் போடறது?”

“நான் இன்னும் அங்கதான் இருக்கறேன்னு நெனச்சிக்கினு இருக்குது எம் புள்ள” என்றாள் பானு.

மறுநாள் அவளுக்கு வெள்ளை உடுப்பும் முகமூடியும் மாட்டித் திட்டுக்கு அழைத்துப் போனார்கள். கபர் அருகே மண்டியிட்டாள்.

“அம்மா இங்க இல்லடி கண்ணு. நீ அந்த லாரியில போ. நான் பஸ் புடிச்சி பின்னாலயே வந்துடறேன்.”

மண்வெட்டி படுமுன்பே மண் நெகிழ்ந்து கொடுத்தது. பானு முகமூடிக்குள் அழுததில் கண்ணாடி மங்கி, லாரி போனதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அதன்பின் மண் வரவில்லை. தை பிறந்ததும் மற்றவர்கள் திட்டுக்குக் குடிபோனார்கள். காத்தாயியின் மகளுக்கு அங்கே பெண் பிறந்தது. பானு மட்டும் மண்டகப்பட்டில் வாடகைக்கு வீடு பிடித்தாள். பொழுது சாயும் நேரம் பொட்டல் வேலியோரம் வந்து நிற்பாள். அப்போது ஒரு பீப்பாய் மற்றவற்றை விட்டு விலகி, உருண்டு வந்து வேலியின் உட்புறம் அவளுக்கு நேராக நிற்கும். காவலாளி பச்சைமுத்து ஆரம்பத்தில் அதைத் திருப்பி உருட்டிக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் சாயங்காலமானால், அது வரும் வழியில் கிடக்கும் கற்களைப் பொறுக்கிப் போடுகிறார்.