மூன்று பாடம்

டயாலிசிஸ் முடிந்த அப்பாவை வீட்டில் இறக்கிவிட்டு, முதியோர் இல்லச் சீருடையைக்கூட மாற்றாமல் கல்லூரிக்கு ஓடிவந்திருந்தாள் கோரின். மருத்துவம் படிக்கப் போகிறவர்களுக்கு ஆலோசகர் பேராசிரியர் ஹ்ரூஸ்கா. அவள் மதிப்பெண் பட்டியலைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"நாலு செமஸ்டரா மூணு மூணு பாடம்தான் எடுத்திருக்க. மத்தவங்க அஞ்சு எடுக்கிறாங்கம்மா."

"எல்லாத்துலயும் ஏ வாங்கியிருக்கேனே சார்."

"மூணுல ஏ வாங்கறது பெரிய விஷயமில்ல. மருத்துவக் கல்லூரியில சுமை அதிகம். இவ தாங்குவாளான்னுதான் முதல்ல பார்ப்பாங்க."

மேஜைமேல், மருத்துவக் கல்லூரிகளுக்கு அனுப்புவதற்காகக் கல்லூரிக் குழு அவளைப் பற்றி எழுதியிருந்த பரிந்துரைக் கடிதம் கிடந்தது. அதை அவள் பக்கம் தள்ளினார். 'முழுச் சுமையைத் தாங்கும் திறனை இவர் இன்னும் காட்டவில்லை' என்றிருந்தது.

கோரினுக்குக் காது சூடேறியது. வாரத்தில் மூன்று நாள் அப்பாவோடு டயாலிசிஸ். முதியோர் இல்லத்தில் முப்பது மணிநேர வேலை. இவற்றைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை.

"பாடத்தைக் குறைச்சுக்கோ, ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னதே நீங்கதானே சார்?"

"அப்படிச் சொன்னதா ஞாபகம் இல்லையே."

அவள் கைப்பேசியில் தேடி, இரண்டு வருடத்துக்கு முந்தைய அவருடைய மின்னஞ்சலை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் நிதானமாகப் படித்தார்.

"இது பொதுவாச் சொன்னது."

"பொதுவாவா? மேல என் பேர் இருக்கு சார். எங்கப்பாவோட சிறுநீரகம் பத்தி விசாரிச்சிருக்கீங்க. கடிதத்துல இருக்கிற அந்த வரியை எடுத்துடுங்க."

"அது குழுவோட முடிவு. நான் என்ன செய்ய?"

"அப்போ உங்க கடிதமே எனக்கு வேணாம்."

கதவை அறைந்து சாத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

முதியோர் இல்லத்துத் தலைமைச் செவிலி ஒடெஸா நடந்ததைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டாள். "கோவத்துல காரியத்தைக் கெடுத்துக்கிட்டியேடி. குழுக் கடிதம் இல்லாம எவன் உன்னைச் சேர்ப்பான்?"

"நீங்க எழுதிக் குடுங்க. நான் என்ன சுமை தாங்கறேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

ஒடெஸா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எழுதினாள். கோரினின் ஒரு வாரத்தை மணிக்கணக்கோடு எழுதினாள். உயிரியல் பேராசிரியர்கள் இருவரும் தனித்தனியாக எழுதித் தந்தார்கள்.

பதினோரு மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்ததில் ஒன்பது கைவிரித்தன. இரண்டு நேர்காணலுக்கு அழைத்தன. ஒமாஹா நகரில் நடந்த நேர்காணலில் வயதான பெண் மருத்துவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"ஏன் மூணே பாடம்?"

கோரின் தன் திங்கட்கிழமையைச் சொன்னாள். பிறகு செவ்வாய். புதன்கிழமையைத் தொடங்கும் முன்பே அவர் கையை உயர்த்தினார்.

"இதை உங்க கல்லூரி ஏம்மா எழுதலை?"

"எழுதத் தோணலை போல." குரலில் கோபம் தெறித்தது. அவள் அதை மறைக்கவில்லை.

மார்ச்சில் அந்தக் கல்லூரி இடம் கொடுத்தது. அப்பா கடிதத்தைப் படித்துவிட்டு, அதை நெஞ்சோடு வைத்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வாரம் ஹ்ரூஸ்கா அழைத்தார். "ரொம்பப் பெருமையா இருக்கு கோரின். நம்ம கல்லூரி இணையதளத்துல உன் படத்தைப் போடலாம்னு..."

"போடாதீங்க. போட்டா, நீங்க எழுதின அந்த வரியையும் கீழேயே போடுங்க."

பதில் வருமுன் இணைப்பைத் துண்டித்தாள். அந்த ஒன்பது கல்லூரிகளும் மூன்று பாடத்தைப் பார்த்துத்தான் தன்னை ஒதுக்கினவா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. யாரும் காரணம் சொல்லவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.