மேல் தாடை

ரப்பர் கிண்ணத்தில் தண்ணீர் முதலில், பிளாஸ்டர் மாவு பிறகு. மாற்றிப் போட்டால் கட்டி தட்டும். கட்டி தட்டிய மாவை அச்சில் ஊற்றினால், இறுகிய பிறகு பல்லில் ஓட்டை தெரியும். ஓட்டை தெரிந்தால் முதலாளி வாயிலிருந்து வருவதைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. அவள் கரண்டியைக் கிண்ணத்தின் விளிம்போடு தேய்த்துத் தேய்த்துக் கலக்கினாள். அதிரும் மேசையின் மேல் அச்சை வைத்து, ஓர் ஓரத்திலிருந்து மாவைச் சொட்டவிட்டாள். மாவு நடுங்கிக்கொண்டே ஒவ்வொரு பல்லின் குழிக்குள்ளும் இறங்கியது. யாரோ ஒருவருடைய வாய் மெல்ல நிறைந்தது.

பல் செட் செய்து கொடுக்கும் அந்த லேபில் அவளுக்குப் பெயர் மாவு. மெழுகில் பல் அடுக்குகிறவர் மெழுகண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர்களை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவதுதான் அங்கே வழக்கம். சுவர் முழுக்கப் பலகை அடித்து, அதில் தாடைகளை வரிசையாக வைத்திருந்தார்கள். பல்லிருந்த தாடை, பல் போன தாடை, ஒற்றைப் பல் மட்டும் பிடிவாதமாக நின்ற தாடை. அவற்றுக்குச் சொந்தக்காரர்களை அவர்கள் யாரும் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரிகளிலிருந்து வாய்கள் மட்டும் வரும்.

வேலை முடிந்து கிளம்பும்போது எல்லாத் தாடைகளையும் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் விளக்கை அணைப்பார்கள். சேர்ந்த புதிதில் எதற்கென்று கேட்டாள்.

"பாத்துக்கிட்டு இருந்தா பேச்சு வச்சுக்கும்" என்றார் மெழுகண்ணன். சிரிப்பாரென்று காத்திருந்தாள். அவர் சிரிக்கவில்லை.

சில நாள் காலையில் கதவைத் திறந்தால் ஏதாவது ஒரு தாடை இந்தப் பக்கம் திரும்பியிருக்கும். பூனை வேலை என்பார் முதலாளி. பூனை நுழைய அங்கே ஒரு பொந்துகூட இல்லை. ஆனாலும் பூனை என்பதே எல்லோருக்கும் வசதியாக இருந்ததால் பூனை என்றே வைத்துக்கொண்டார்கள்.

அன்று அவள் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு முதலாளியின் அறைக்குப் போனாள். போவதா வேண்டாமா என்று நாள் முழுக்க மனசுக்குள் தராசு பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் போனாள். பல் மருத்துவக் கல்லூரியிலிருந்து நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பள்ளிக் கடைசிப் பரீட்சை எழுதிய வருஷம் அப்பா படுத்த படுக்கையானார். பகலெல்லாம் இந்த மேசை, அது முடிந்தால் ஆஸ்பத்திரி வராந்தா. பரீட்சை அறையில் பேனாவைப் பிடித்துக்கொண்டே தூங்கிவிட்டாள். மார்க் அதற்கேற்ற மாதிரிதான் வந்தது. அப்பா போய்ப் பல வருஷம் கழித்துத் திரும்பப் படித்து, திரும்ப எழுதி, பார்த்தவர்கள் புருவத்தைத் தூக்கும்படி மார்க் வாங்கினாள். ஆனால் கல்லூரிக்கு முதல் தடவை எழுதியதுதான் கணக்கு. அந்த வருஷம் கஷ்டம் என்றால், கஷ்டத்துக்கு ஆதாரம் வேண்டும்.

"அந்த வருஷம் நான் இங்க முழு நேரம் வேலை பாத்தேன்னு ஒரு லெட்டர் குடுத்தா போதும் சார்."

"அப்ப உனக்கு என்ன வயசு?"

"பதினாறு."

"பாத்தியா? பதினாறு வயசுப் பிள்ளைய வச்சு வேல வாங்குனேன்னு என் கையாலயே எழுதித் தரணுமா? சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்கச் சொல்றியே." அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்குத் தாங்கிக்கொள்ள எளிதாக இருந்திருக்கும். "உன் படிப்புக்கு நான் குறுக்க நிப்பேனா? நாளைக்கு லீவு எடுத்துக்க. சம்பளம் புடிக்க மாட்டேன். நல்லபடியா போய்ட்டு வா."

வெளியே வந்ததும் மெழுகண்ணன் அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி விட மாட்டான். நான் வேணா வந்து சாட்சி சொல்லட்டுமா?" என்றார். சொன்ன கையோடு முதலாளியின் அறைக் கதவை ஒரு தரம் பார்த்தார். மெழுகு உருக்கும் விளக்கின் திரியைத் தேவையில்லாமல் ஏற்றி இறக்கினார்.

"வேணாம்ணே. நீங்க புள்ளகுட்டிக்காரரு" என்றாள் அவள்.

மறுநாள் கிளம்பும்போது அம்மா தலையைத் தடவிவிட்டாள். "ராத்திரி பூரா பல்லக் கடிச்சே. பக்கத்து வீட்டுக்காரி, என்ன, வீட்ல மிஷின் எதுவும் வாங்கிருக்கீங்களான்னு கேக்குறா."

"சீட்டு கெடச்சா நின்னுடும்மா."

"கெடைக்கும் போ. உன் பல்லுக்காவது ஓய்வு வேணாமா?"

கல்லூரியின் நடை நீளமாக இருந்தது. தரையைத் துடைத்துத் துடைத்துக் கண்ணாடியாக்கி வைத்திருந்தார்கள். நடக்கிறவர்கள் தலைகீழாகவும் கூடவே நடந்தார்கள். பெஞ்சுகளில் பிள்ளைகளும் பெற்றவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் மட்டும்தான் தனியாக வந்திருந்தாள், அவள் மட்டும்தான் வயதில் மூத்தவளும். ஒரு அட்டெண்டர் தட்டு ஒன்றை ஏந்திக்கொண்டு வந்து, ஆளுக்கொரு மாவுத் தாடையைக் கையில் கொடுத்துக்கொண்டே போனார்.

"நல்லாப் பாத்து வச்சுக்குங்க. உள்ள கேப்பாங்க. கீழ போட்ராதீங்க."

மேல் தாடை. எல்லோருக்கும் அதே தாடைதான். பக்கத்தில் இருந்த பெண் அதைக் கைக்குட்டையின் மேல் வைத்துக்கொண்டு அவள் காதருகே குனிந்தாள்.

"இது செத்துப்போனவங்க வாயில எடுத்ததாம்க்கா. எங்கண்ணன் இங்கதான் படிக்கிறான், அவன் சொன்னான். இவ்ளோ நல்ல பல்லு உயிரோட இருக்கறவங்களுக்கு இருக்காதாம்."

அவளுடைய கட்டைவிரல் தன்பாட்டுக்கு வேலையைத் தொடங்கியிருந்தது. மாவில் காற்றுக் குமிழ் இருந்தால் பல்லின் மேல் கடுகளவு முத்து விழும். நகத்தால் நெருடி எடுப்பது லேப்காரர்களுக்குக் கைப்பழக்கம். விரல் முன்பல்லில் ஏறி, பக்கத்துப் பல்லில் இறங்கி, கோரைப்பல்லுக்கு வந்தது. இடது கோரைப்பல் சற்றே வெளிப்பக்கம் திரும்பியிருந்தது, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற மாதிரி. விரல் அங்கே நின்றது. அவள் வாய்க்குள் நாக்கும் அதே இடத்தில் வந்து நின்றது.

விரலை நகர்த்தினாள். நாக்கும் கூடவே நகர்ந்தது. விரல் தொட்ட மேடு ஒவ்வொன்றையும் நாக்குக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஒருநாள் மத்தியானம் அவள் வாய் நிறையக் கொட்டாவி விட்டாள். முதலாளி அதைப் பார்த்துக்கொண்டே வந்து நின்றார். "அப்படியே இரு. சொத்த இல்ல, இடைவெளி இல்ல, அம்சமா இருக்கு. ஒரு எடத்துல மாதிரிக்கு ஒரு தாடை கேட்ருக்காங்க" என்றார். தட்டு நிறைய அச்செடுக்கும் பசையை வாய்க்குள் வைத்து அழுத்தினார். தொண்டை அடைத்துக் கண்ணில் நீர் கொட்டியது. இறுகும்வரை அசையாதே என்றார். எடுத்த பிறகு டீ வாங்கிக் கொடுத்தார். அது எந்த இடம் என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பதினாறு வயதில் டீ வாங்கிக் கொடுத்ததே பெரிய மரியாதையாக இருந்தது.

அவள் தலையை நிமிர்த்தி நடையைப் பார்த்தாள். எல்லோர் மடியிலும் அவள் வாய். ஒருவன் சலிப்பில் நகத்தால் முன்பல்லைத் தட்டிக்கொண்டிருந்தான். டொக் டொக்கென்று அவளுக்குப் பல் கூசியது. ஓர் அப்பா, தாடையின் பல்லிடுக்கில் பேனாவைச் செருகி வைத்துவிட்டு மகனுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்துப் பெண் கைக்குட்டையால் அதைப் போர்த்தினாள். அவளுக்குச் சட்டென்று மூச்சு முட்டியது.

பயம்தான். அந்தப் பயத்துக்கு நடுவே இன்னொன்றும் தலைதூக்கியது. அந்த வருஷம் அவள் எங்கே இருந்தாள் என்பதற்கு லெட்டர் எதற்கு? சாட்சி இங்கேயே கொட்டிக் கிடக்கிறதே. அவள் தாடையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே இருவர் இருந்தார்கள். நரைத்த தலையோடு பெரிய டாக்டர். அவர் பக்கத்தில் அலுவலகத்து அம்மா, மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டுக்கொண்டு. அறையின் மறுபாதியில் பல் பார்க்கும் நாற்காலி ஒன்று விளக்கோடு நின்றது.

"ரெண்டாவது தடவை பிரமாதமா எழுதியிருக்கே. ஆனா முதல் தடவை ரொம்பக் கம்மியா இருக்கேம்மா" என்றாள் அலுவலகத்து அம்மா. அவள் குரலில் குற்றம் சொல்கிற தொனி இல்லை.

"அப்பாவுக்கு முடியாமப் போச்சு மேடம். பல் லேப்ல வேலைக்குப் போனேன்."

"அதுக்கு ஆதாரம் கொண்டு வந்திருக்கியா?"

அவள் தாடையை மேசையின் மேல் வைத்தாள். "இதான் மேடம். இது என் வாய். வேலைக்குச் சேந்த வருஷம் எங்க முதலாளி எடுத்தாரு."

பெரிய டாக்டர் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். மேசையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்துக்கொண்டு எழுந்து வந்து, வாயைத் திறக்கச் சொன்னார்.

"பொருந்தலையேம்மா. இதுல எல்லாப் பல்லும் இருக்கு, உனக்குக் கடைவாய்ல ஒண்ணு இல்ல. முன்பல்லு மூலை உடைஞ்சிருக்கு. முனையெல்லாம் கெழவி பல்லு மாதிரி தேஞ்சு கெடக்கு."

"சொத்தையாயிடுச்சு சார். அடைக்கறதுக்குத்தான் செலவு, புடுங்கறதுக்கு இல்லன்னாங்க. அதான் புடுங்கிட்டேன். முன்பல்லு, செட்டுக்குப் போடற கம்பிய வாயில கடிச்சுக்கிட்டே வேலை பாப்போம், அதுல போச்சு. மத்ததெல்லாம் தூக்கத்துல கடிச்சது."

அலுவலகத்து அம்மா கோப்பை மூடினாள். பெரிய டாக்டர் மட்டும் நகரவில்லை. டார்ச்சை இன்னும் உள்ளே கொண்டுபோய் அண்ணாந்து பார்த்தார். தாடையைத் திருப்பி அதன் மேல்வாயைப் பார்த்தார். திரும்ப அவள் வாயைப் பார்த்தார். அவருடைய மூச்சு அவள் கன்னத்தில் பட்டுப் பட்டுப் போனது.

"பல்லு மாறும். அண்ணத்துல இருக்கற வரி மாறாது. கைரேகை மாதிரி" என்றார் மெதுவாக. "இவங்கதான். சந்தேகமே இல்ல."

சீட்டு கிடைத்துவிட்டது என்றே அவள் நினைத்தாள். அம்மாவின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து போனது. கையெடுத்துக் கும்பிடலாமா என்றுகூடத் தோன்றியது.

"இது அவங்க வாய்தான் டாக்டர், ஒத்துக்கறேன்" என்றாள் அலுவலகத்து அம்மா. "வேலை பாத்தாங்கன்னு இதுல எங்க இருக்கு? பல்லு காட்டுனவங்க எல்லாரும் லேப்ல வேலை செஞ்சவங்களா? நாளைக்கு மேலருந்து கேட்டா நான் இந்தத் தாடையவா தூக்கிக் காட்டுவேன்?"

"அது உங்க பாடு. அதுல நான் தலையிட மாட்டேன்." பெரிய டாக்டரின் காது இங்கே இல்லை. அவர் முகம் இளமையாகிவிட்டிருந்தது. போனை எடுத்து யாரிடமோ பேசினார். "பசங்கள உடனே அனுப்புங்க. ஒரே வாய், ஒண்ணு தேயறதுக்கு முன்னால, ஒண்ணு தேஞ்ச பின்னால. தேடுனாலும் கெடைக்காது. ஆளாளுக்கு அந்த மேல் தாடைய எடுத்துட்டு வரச் சொல்லுங்க." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "கொஞ்ச நேரம் இருப்பியாம்மா?"

"அப்ப என் சீட்டு சார்?"

"பாக்கலாம், பாக்கலாம். மொதல்ல அந்த நாற்காலில சாஞ்சுக்க."

மறுத்தால் கெட்ட பெயராகுமோ என்று பயம், உட்கார்ந்தால் அவர்கள் மனசு இளகுமோ என்று ஒரு நப்பாசை. அவள் போய்ச் சாய்ந்தாள். நாற்காலி தானாகப் பின்னால் சரிந்தது, கால் தலையைவிட மேலே போனது. விளக்கு முகத்துக்கு நேராக வந்து நின்றதும் அதற்கப்பால் இருந்தவர்களுக்கு முகமில்லாமல் போயிற்று.

வெள்ளைக் கோட்டுகள் உள்ளே வந்து சுற்றி நின்றன. எல்லோரும் அவளைவிடச் சின்னவர்கள். ஒவ்வொருவரின் கையிலும் ஒரு தாடை இருந்தது. குனிந்து அதைப் பார்த்தார்கள், குனிந்து அவளைப் பார்த்தார்கள். கையுறை போட்ட விரல் ஒன்று வாய்க்குள் வந்து, பிடுங்கிய பல்லின் இடத்தை அழுத்திப் பார்த்துவிட்டுப் போனது. அடுத்த விரல் வந்தது. பவுடரும் ரப்பரும் கலந்த வாடை நாக்கில் ஒட்டியது.

"வலிச்சா கையத் தூக்குங்கக்கா" என்றது ஒரு பெண் குரல். நல்ல பிள்ளை.

"இங்க பாருங்க, இந்த வயசுல இவ்வளவு தேய்மானம். ஏன்னு யாராவது சொல்லுங்க பாக்கலாம்" என்றார் பெரிய டாக்டர். ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எதுவும் சரியில்லை என்று அவர் சிரித்தார்.

அறையின் அந்தப் பக்கம் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அலுவலகத்து அம்மா அடுத்த ஆளை உள்ளே கூப்பிட்டாள். நாற்காலி இழுபட்டது. அண்ணன் இங்கே படிக்கிறான் என்று சொன்ன பெண்ணின் குரல் வணக்கம் சொன்னது. முதல் தடவையே நல்லா எழுதியிருக்கியேம்மா என்று அலுவலகத்து அம்மா சொல்வது தெளிவாகக் கேட்டது.

அவள் கையைத் தூக்கினாள்.

"வலிக்குதா?" என்றார் பெரிய டாக்டர்.

வாய் நிறைய விரல்கள் இருந்தன. அவள் இல்லையென்று தலையசைத்தாள்.

"அப்ப கைய எறக்கும்மா. வெளிச்சத்த மறைக்குது."