உறையின் பின்புறம்

ஒரு காலத்தில் நெல் விளைந்து, இன்று வீடுகள் விளைகின்ற டெக்சாசின் தென்சமவெளியிலே, ஐப்பசித் திங்களின் விடியற்பொழுதில், கடலிலிருந்து ஏறிவந்த ஈரக்காற்று பேர்லேண்டின் கூரைகளை நனைத்து, மீனாட்சி கோயிலின் கோபுரத்தைத் தடவி, ஹூஸ்டனை நோக்கி நிரைகட்டி நின்ற மகிழுந்துகளின் கண்ணாடிகளில் ஆவியாய்ப் படிந்துகொண்டிருந்தது. நடந்து செல்வார் ஒருவரையேனும் காணவியலாத அவ்வூரில், அன்று எல்லோர்க்கும் முன்னே, இருளிலேயே புறப்பட்டுவிட்ட ஊர்தி, கற்றறிந்த அன்பரே, தவமணிதேவி என்னும் நடுவருடையது. ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு.

யாழ்ப்பாணத்தில் பிறந்து, இருபது அகவையில் கல்வி தேடிக் கடல் கடந்து, தம் ஒலிப்பைக் கேட்டு நகைத்த வழக்குரைஞர்களை வாதத்தால் வாயடைத்து, ஒன்பதாண்டுகள் கீழ்மன்றத்தில் அமர்ந்து, ஆறாண்டுகளுக்கு முன்னர்க் கூட்டரசின் மேல்முறையீட்டு மன்றத்துக்கு உயர்ந்தவர் அவர். புகழுரைக்கு மயங்காதவர், ஆயினும் ஒரு செருக்கு மட்டும் அவரிடம் உண்டு. தாம் படிக்காத தாள் ஒன்றுகூடத் தம் தீர்ப்புக்குள் புகுந்ததில்லை என்று மேடை கிடைத்தபோதெல்லாம் சொல்லுவார். அந்தச் செருக்கில்தான் முதல் நாள் மாலை கீறல் விழுந்திருந்தது.

நடந்தது இது. சிறையிலிருப்போன் தன் முறையீட்டைக் காவலர் கையில் ஒப்படைத்த நாளே அதனைப் பதிந்த நாளாகும் என்பது அந்நாட்டு நெறி. அம்மாலை ஒரு சிறையாளியின் வழக்குத்தாள் கட்டைப் புரட்டுகையில், ஒப்படைத்த நாளைக் காட்டும் சிறை முத்திரை உறையின் பின்புறத்தில் இருக்கக் கண்டார் தவமணிதேவி. கண்டதும் பழைய வழக்கொன்று நினைவில் எழுந்தது. இரண்டாண்டு எட்டுத் திங்களுக்கு முன்னர், எல்மர் பூன் என்னும் சிறையாளியின் முறையீடு மூன்று நாள் பிந்தியதென்று கேளாமலே தள்ளியவர் அவரே. பழங்கட்டை வரவழைத்தார். கடைசித் தாளுக்குப் பின்னே உறை கவிழ்த்துத் தைக்கப்பட்டிருந்தது. மன்றத்தின் முத்திரை முப்பத்துமூன்றாம் நாள் என்றது. சிறையின் முத்திரையோ இருபத்தொன்பதாம் நாள் என்றது. கெடுவோ கீழ்மன்றத் தீர்ப்பிலிருந்து முப்பது நாள். உதவியாளர் எழுதிய சுருக்கத்தை நம்பி, உறையைத் திருப்பாமலே ஒப்பமிட்டிருந்தார்!

அதனை அன்றிரவே கணவர் நகுலேஸ்வரனிடம் சொன்னபோது, மருத்துவரான அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"இப்ப ஏன் இந்தக் கேஸை ரீஓப்பன் பண்ணப் போறீர்? ஒருத்தரும் கேக்கேல்லை. எங்கட சனத்தில முதல் ஆளா அங்க இருக்கிறீர். நீரே பிழை விட்டனான் எண்டு எழுதினால் என்ன கதைப்பினம்?"

"கதைக்கட்டுமப்பா. பிழை விட்டது நான், ஜெயிலுக்குள்ள இருக்கிறது அந்த ஆள்."

அவர் கரண்டியை மீண்டும் கையிலெடுத்தார். மனைவியின் அந்தக் குரலை முப்பது ஆண்டுகளாக அறிந்தவர்.

ஆதலின் விடியுமுன்னே புறப்பட்ட நடுவர், உறையின் இருபுறத்தையும் படியெடுத்து, அத்தீர்ப்பில் தம்மோடு ஒப்பமிட்ட மற்றை இருவர்க்கும் அனுப்பி, தொலைபேசியில் அழைத்தார். மூவரில் இருவர் இசைந்தாலன்றி வழக்கு மீளாது. ஒருவர், "முடிந்தது முடிந்ததே, கதவைத் திறந்தால் ஊரே நுழையும்" என்று மறுத்துவிட்டார். மூவரில் மூத்தவரோ, "அம்மையீர், பிழை மன்றத்தினது என்று பொதுப்பட எழுதுவோம். தங்கள் பெயர் எதற்கு?" என்றார்.

எளிய வழிதான், எத்தனை பெரியோர் அவ்வழியே நடந்து மேன்மை குன்றாமல் வீடு சேர்ந்திருக்கின்றனர்! தவமணிதேவிக்கும் ஒரு நொடி ஆசை எழுந்தது. ஆயினும், "உறையைத் திருப்பாதது மன்றத்தின் கையன்று, ஐயா. என் கை" என்றார். மூத்தவர் இசைந்தார். மறுவாரம் வெளிவந்த ஆணையின் முதல் தொடர் இவ்வாறிருந்தது: "இவ்வழக்கில் நாளைத் தவறாக எண்ணியவள் நான்."

நாளேடுகள் நகைத்தன, கோயிற்கூடத்தில் சிலர் அவரைக் கண்டு பேச்சை நிறுத்தினர். பின்னர் நடுவர் மூவரும் பூனின் முறையீட்டைக் கேட்டு, வழக்கைக் கீழ்மன்றத்துக்குத் திருப்பி அனுப்பினர். முன்னர் எவரும் அழையாத சான்றாளர், உணவுக்கடை நடத்திய முதியவள் ஒருத்தி, குற்றம் நடந்த வேளையில் பூன் தன் கடையில் உண்டுகொண்டிருந்தான் என்று கூண்டேறிச் சொன்னாள். அடுத்த இளவேனிலில் அவன் விடுதலையானான்.

ஒரு திங்கள் கழித்து அவனிடமிருந்து மடல் வந்தது. நன்றியை எதிர்பார்த்தாரோ, அறியோம். மனிதர்தாமே, சிறிது எதிர்பார்த்திருப்பார். மடலில் இரண்டே தொடர்கள் இருந்தன: "நீங்கள் உறையைத் திருப்ப இரண்டாண்டு எட்டுத் திங்கள் ஆயிற்று. என் தாய் அதற்குள் இறந்துவிட்டாள்."

கதவைச் சாத்திக்கொண்டு நடுவர் அழுதார். பின்னர் முகம் கழுவி வந்து, எந்தச் சிறையாளியின் கட்டாயினும் உறை முதலிலும் சுருக்கம் கடைசியிலும் வைக்கப்பட வேண்டுமென்று ஆணையிட்டார். பூனின் மடல் மேசைக் கண்ணாடியின் கீழ் இடம்பெற்றது. இரண்டாயிரத்தொன்றாம் ஆண்டிலும் அது அங்கேயே இருந்தது. காலைதோறும் அதனைப் படித்த பின்னரே முதற்கட்டைத் திறப்பார்.

பிழையை ஒப்புக்கொள்வார்க்குப் பெருமை உண்டு என்பர் சான்றோர், இருக்கலாம். ஒப்புக்கொண்ட பின்னும் போன நாள் போனதே என்பதையும் அறிந்து, அன்பரே, மறுநாளும் அந்த இருக்கையில் வந்து அமர்ந்து, அடுத்த உறையைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்தார் தவமணிதேவி.