பஹ்ரைன் படகு, கத்தார் கயிறு

ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். நாடு ரெண்டுபட்டால் மீன்பிடிக்கப் போனவனுக்குத் திண்டாட்டம்தான். 2017 ஜூனில் சவூதியும் அமீரகமும் பஹ்ரைனும் கத்தாரோடு உறவை முறித்துக்கொண்டன. கத்தாருக்குப் பரிந்து பேசினாலே ஜெயில் என்று பஹ்ரைனில் அறிவித்துவிட்டார்கள். வில்பிரட் மீன்பிடித்தது பஹ்ரைன் முதலாளியின் படகில். அவன் மனைவி லீமாவின் தம்பி பெனோ மீன்பிடித்தது கத்தார் படகில்.

எல்லையோரம் கடலடியில் போட்டிருந்த மீன்கூட்டைத் தூக்கும்போது கூட்டுக் கயிறு எஞ்சின் விசிறியில் சுற்றி, வில்பிரட்டின் படகு நின்றுபோனது. நீரோட்டம் அதைக் கத்தார் பக்கம் தள்ளியது. அந்தப் பக்கம் போனால் பிடித்து உள்ளே போடுவார்கள். தூரத்திலிருந்து பெனோ பார்த்துவிட்டான். பழுதாகி நிற்கிற வள்ளத்தைக் கண்டால் கயிறு போடாமல் போகக்கூடாது என்பது குமரிக் கடற்கரையின் பழக்கம். எந்த ராஜாவைக் கேட்டு வந்த பழக்கம் அது? எல்லையைத் தாண்டியே வந்து கயிற்றை எறிந்தான்.

"வேண்டாம் மக்கா, திரும்பிப் போயிரு," என்றான் வில்பிரட்.

"சும்மா கெடங்க அத்தான். மொதல்ல கயித்தக் கெட்டுங்க."

கட்டி முடிப்பதற்குள் பஹ்ரைன் ரோந்துப் படகு பக்கத்தில் வந்து நின்றது. அதிகாரி இந்தியில் பேசினார். தெரியாதவன் ஆபத்துக்கு உதவினால் விட்டுவிடலாம். தெரிந்தவன் என்றால் பேசிவைத்துச் சந்தித்ததாகத்தான் அர்த்தம், இரண்டு பேரும் ஜெயிலுக்குத்தான் என்றார். பிறகு பெனோவைக் காட்டி, "கோன் ஹே யே?", யார் இவன் என்று கேட்டார்.

வில்பிரட் பெனோவைப் பார்த்தான். தன் மகளின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவன் எதிரே நிற்கிறான்.

"மாஃபி மாலூம்," என்றான் வில்பிரட் வளைகுடா அரபியில். தெரியாது.

அதிகாரி பெனோவின் பக்கம் திரும்பினார். அத்தான் என்று ஆரம்பிக்காமல் அவனுக்குப் பேசவே வராது. பெனோ வில்பிரட்டின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மாஃபி மாலூம்," என்றான் அவனும்.

விட்டுவிட்டார்கள். கயிற்றைச் சுருட்டிக்கொண்டு பெனோ திரும்பிப் பார்க்காமல் போனான். தப்பித்ததற்குச் சந்தோஷப்பட வேண்டிய வில்பிரட்டுக்கு அழுகைதான் வந்தது. ரோந்துப் படகு அவனைக் கரைக்கு இழுத்து வந்தது.

சாயங்காலம் லீமா ஊரிலிருந்து கூப்பிட்டாள்.

"தம்பி இப்பதான் பேசுனான். கடல்ல யாரோ ஒரு ஆளுக்குக் கயிறு போட்டானாம். ஒங்களுக்கு அங்க அப்பிடி கயிறு போட யாராவது உண்டா?"

போனை எவன் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருக்கிறானோ, யாருக்குத் தெரியும்.

"ஒருத்தரும் இல்ல," என்றான் வில்பிரட்.