பொட்டு வைத்த சக்கரம்

அறுபத்திரண்டாம் வருஷம் என் நாத்தனார் குழல்வாய்மொழி இன்ஜினீயரிங் முடித்து வந்தாள். மேலகரத்தில் எங்கள் மரம் அறுக்கும் வாள்பட்டறையில், மரத்தடி ஏற்றிய வண்டியை வாள் பக்கம் நகர்த்தும் திருகுத்தண்டுக்கு அப்போதுதான் மோட்டார் மாட்டியிருந்தோம். அதுவரை கையால் சுற்றிய, தண்டின் முனையில் இருந்த பெரிய இரும்புச் சக்கரத்தை மட்டும் என் வீட்டுக்காரர் பால்வண்ணநாதன் கழற்ற விடவில்லை. மாமனார் காலத்திலிருந்து ஆயுத பூஜைக்குப் பொட்டு வாங்கிய சக்கரமாம். என் பிறந்தநாளை மறந்தாலும் அதை மறக்கமாட்டார்.

மோட்டாரை நிறுத்தினால் தடி நிற்கவில்லை. குறித்த கோட்டைத் தாண்டிக் கூடவோ குறையவோ கால் அங்குலம் ஓடியது. பலகை ஒவ்வொன்றும் ஒவ்வொரு கனத்தில் வந்தது.

அந்த நேரம் பார்த்துத் தென்காசி ஹாஜரா பீவியின் அயினி மரம் வந்து இறங்கியது. ஆடிக் காற்றில் சாய்ந்த மரம். புது வீட்டு வாசல் கதவுக்கு.

"தடி கனம், அதான் இழுத்துட்டுப் போகுது. ரெண்டாத் துண்டு போட்டுருவோம்" என்றார் இவர்.

ஹாஜரா பீவிக்கு முகம் செத்துவிட்டது. "துண்டு போட்டா கதவுக்கு நீளம் ஏது தம்பி? வாப்பா நட்டதுல மிஞ்சினது இது ஒண்ணுதான்."

குழல் மரத்தூள் குவியலில் உட்கார்ந்து, ஸ்லைடு ரூலின் நடுச்சட்டத்தை இங்கும் அங்கும் நகர்த்திக் கணக்குப் போட்டாள்.

"அண்ணே, குத்தம் தடி மேல இல்ல. உங்க சக்கரத்து மேல."

"ஏட்டி, மலை மாதிரி தடி கிடக்கு. சக்கரத்தையா சொல்லுத?"

"தண்டு முழுசா ஒரு சுத்து சுத்தினாத்தான் தடி அரை அங்குலம் ஊருது. ஊருததுக்கு என்ன வேகம் இருக்கும்? சக்கரம்லா பறக்குது! கனம் பூரா விளிம்புல வேற. சுவிட்சை அணைச்ச பொறவும் அதுதான் தண்டைச் சுத்துது. நம்பலேன்னா தடியை இறக்கிட்டு வெறும் வண்டிய ஓட்டிப் பாருங்க."

ஓட்டினார்கள். வெறும் வண்டியும் கோட்டைத் தாண்டி அதே கால் அங்குலம் போய்த்தான் நின்றது. எனக்குப் புல்லரித்துவிட்டது. எதையும் தொடாமல், உட்கார்ந்த இடத்திலேயே கண்டுபிடித்துவிட்டாளே!

இவர் சக்கரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அப்பா கை பட்டதுட்டி."

"அவங்க வாப்பா கை பட்டதும் இங்கனதான் கிடக்கு, அண்ணே."

அவரே ஸ்பேனரை எடுத்துச் சக்கரத்தைக் கழற்றினார்.

அடுத்த ஓட்டத்தில் தடி கோட்டில் வந்து நின்றது. முழு நீளத்துக்கு, பலகை பலகையாக ஒரே கனம். ஹாஜரா பீவி தடவித் தடவிப் பார்த்து அழுதுவிட்டார்.

அந்த ஆயுத பூஜைக்குச் சுவரோரம் சாய்த்திருந்த சக்கரத்துக்குப் பொட்டு வைத்தார் இவர். அடுத்து, குழலின் ஸ்லைடு ரூலை எடுத்துக் குங்குமத்தை அப்பினார்.

"அய்யோ அண்ணே, சந்துக்குள்ள போனா நகராதே!" என்று ஓடி வந்தாள் அவள்.

"இன்னைக்கு நகர வேண்டாம். இதுவும் நம்ம பட்டறை ஆயுதம்தாம்ட்டி."